இறால் கம்பெனிக் காலத்துப் பால்

கும்மிடிப்பூண்டி
ஜூலை 6

அன்புள்ள தம்பி பென்னிக்கு,

அக்கா ஹெலன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சோனியா என்று நான் வாயைத் திறந்தாலே உனக்கு ஷிஃப்ட் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் சார்ஜ் போய்விடுகிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் உன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மாத வயிற்றோடு அத்திப்பட்டில் ரயிலேறித் தனியாக வந்திருக்கிறாள். கையில் ஒரு கட்டைப்பை. நீ அவளை விமானத்தில் ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து, மூன்று வாரமாக, அவள் பிறந்த வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். தனித் தட்டு, தனி டம்ளர். கழுவிக் கவிழ்ப்பதும் தனியாக. அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, என் தட்டிலேயே சோறு பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் வாங்கிவிட்டு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன்னு அவரு சொல்லட்டும் அண்ணி, ஒத்துக்கறேன்" என்றாள். நான்கு வருடம் குடும்பம் நடத்திய பெண்ணை இப்படிச் சொல்லவைத்துவிட்டாயே, உனக்கு நன்றாக இருக்கிறதா?

நீ என்ன செய்தாய் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஜப்பான் ஊரில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்கிற ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.டி.எல்.வி. ஒன்று என்று வந்திருக்கிறது. அது ரெட்ரோவைரஸ் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ உடனே போனில் தேடியிருக்கிறாய். அதில் எய்ட்ஸ் என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான், குமமோட்டோவிலிருந்து அத்திப்பட்டுக்குப் போன் போட்டு, அனல்மின் நிலையத்துக் கேன்டீனில் கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா தானியேல் மாமாவிடம், உங்கள் பெண்ணுக்கு எய்ட்ஸ் என்று கத்தியிருக்கிறாய். அவர் காதில் வைத்திருந்த போனிலிருந்து உன் குரல் அடுத்த மேசைக்குக் கேட்டதாம். பெற்ற தகப்பனிடம் சொல்கிற வார்த்தையா அது?

நான் பொன்னேரியில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறவள். உனக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும், கேள். எச்.ஐ.வி.யும் இதுவும் ஒரே வகையறாதான், ஆனால் ஒன்று மற்றொன்று ஆகாது. இரண்டும் நம் உயிரணுவுக்குள் புகுந்து, நம் மரபணுவிலேயே தன்னையும் எழுதிவைத்துவிடும். அதனால் ஒருமுறை வந்தால் போகாது. ஆனால் எச்.ஐ.வி. போல இது எதிர்ப்புச் சக்தியைத் தின்று தீர்ப்பதில்லை. நூறு பேருக்கு இருந்தால் தொண்ணூறு பேருக்கு மேல் கடைசிவரை ஒன்றும் செய்யாது. மிச்சமிருக்கும் சிலருக்குக் காலையோ ரத்தத்தையோ பிடிக்கும். அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். தட்டாலும் டம்ளராலும் ஒட்டாது. தாய்ப்பாலில் வரும், ஆண் பெண் உறவில் வரும், ஏற்றிய ரத்தத்தில் வரும். அந்த ஊரில் அது அதிகம் என்பதால் அவர்கள் எல்லோருக்கும் பார்க்கிறார்கள். இங்கே நாங்கள் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஐந்து சோதனை செய்கிறோம். அந்த ஐந்தில் இது கிடையாது. என் கையால் எத்தனை பை தாண்டிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். உனக்குப் பார்த்தார்களா என்று சோனியாவைக் கேட்டேன். நீ மாட்டேன் என்றாயாம். "எனுக்குத்தான் மெடிக்கல் ஃபிட் இருக்குதே" என்றாயாம். அட மடையா! சிப்காட்டில் வேலைக்குப் போகிற பையன்கள் எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. கம்பெனி டாக்டர் ஃபிட் என்று முத்திரை குத்திய காகிதத்தை லேமினேட் செய்து மாட்டிவைக்கிறீர்கள், அதைக் காட்டிப் பெண் கேட்கிறீர்கள். அந்தக் காகிதத்தில் கண் பார்த்தார்கள், நெஞ்சு எக்ஸ்ரே பார்த்தார்கள், மஞ்சள்காமாலை பார்த்தார்கள், வெளிநாடு என்பதால் எச்.ஐ.வி.யும் பார்த்தார்கள். மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பாய் என்பதற்குத்தான் அது சாட்சி. நீ உத்தமன் என்பதற்கும் சாட்சியில்லை, உன் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்பதற்கும் சாட்சியில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது எய்ட்ஸாகவே இருந்திருந்தால் என்ன? எங்கள் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வருகிற பெண்களில் பாதிப் பேர் புருஷன் கொண்டுவந்து கொடுத்ததைச் சுமக்கிறவர்கள். அவர்கள் யாரும் புருஷனை விமானத்தில் ஏற்றி அனுப்பவில்லை. அவனுக்கும் சேர்த்து வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போகிறார்கள்.

நாளைக்கே போய் ரத்தம் கொடு. எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல். சோனியா என்னோடுதான் இருக்கிறாள், இருப்பாள். உனக்காக ஜெபிக்கிறேன், உன்மேல் கோபமாகவும் இருக்கிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்கத்தான் செய்கிறது.

உன் அக்கா,
ஹெலன்

*

கும்மிடிப்பூண்டி
செப்டம்பர் 14

பென்னி,

உன்னிடமிருந்து "அக்கா, பாசிட்டிவ்" என்று இரண்டு வார்த்தை வந்து ஐந்து வாரமாகிறது. அதற்குப் பிறகு நீயும் பேசவில்லை, நானும் எழுதவில்லை. திட்டுவதற்குப் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நீ அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் தனியாக நின்றிருப்பாய் என்று தோன்றியது. வலி, காய்ச்சல், கால் மரத்துப்போவது ஏதாவது உண்டா? இல்லை என்றால் இல்லை என்றாவது ஒரு வார்த்தை எழுது.

சோனியாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. "அப்ப அவரும் தனியா பயந்துக்கினு இருப்பாரு" என்றாள். அதோடு எழுந்துபோய் அரிசி களைந்தாள்.

யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டு உன் மனம் சுற்றும் என்பது எனக்குத் தெரியும். நீ கேட்காமல் நானே தேடினேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைகளில் சுமலதா என்று ஒரு டாக்டரம்மா சென்னையிலிருந்து வருவார். இந்த வகைக் கிருமிகளைத்தான் ஆராய்ச்சி செய்கிறார். அவரிடம் நம் கதையை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் சோனியாவின் அம்மாவுக்குப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாள் அத்திப்பட்டிலிருந்து வந்து கையை நீட்டினார். இல்லை என்று வந்தது. பிறகு எனக்குப் பார்த்தார், எனக்கும் இல்லை. நம் அம்மா முத்தம்மா போய் ஒன்பது வருடமாகிறது, அங்கே கேட்க வழியில்லை. அப்போது டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். உங்கள் தம்பி அம்மாவிடம் மட்டும்தான் பால் குடித்தாரா, வேறு யாராவது கொடுத்தார்களா என்றார். நான் பதில் சொல்வதற்குள், பால் கொடுத்தவருக்குக் கால் விறைத்துக்கொள்வது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது போல ஏதாவது உண்டா என்றும் கேட்டார்.

ரோசம்மாள் சின்னம்மா.

உனக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். நீ பிறந்தபோது நம் காலனிப் பெண்கள் எல்லாம் நடவு வேலையை விட்டுவிட்டு இறால் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அம்மா காலை ஷிஃப்ட், எதிர் வீட்டு ரோசம்மாள் மதிய ஷிஃப்ட். அவளுக்கும் உன் வயதில் இம்மானுவேல். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். அப்போது காலனியில் பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. கம்பெனி வேன் திருப்பத்தில் வரும்போது ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி ஏறுவாள். ஏறுகிறவள் இடுப்பிலிருக்கும் பிள்ளையை இறங்குகிறவள் இடுப்புக்கு மாற்றிவிட்டுப் போவாள். கை இறால் நாறும், பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

சின்னம்மாவின் கால் உனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் தடுக்கி விழ ஆரம்பித்தாள். பிறகு சுவரைப் பிடித்தாள், பிறகு கம்பு, இப்போது இம்மானுவேல் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி. தண்டுவடத் தேய்மானம் என்று சத்து ஊசி போட்டார்கள். தடாவிலிருக்கும் அவள் பிறந்த வீட்டார், நாத்தனார் வைத்த ஏவல் என்று சொல்லிக் கயிறு கட்டினார்கள். ரத்தத்தில் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எதிர் வீட்டில் ரத்தம் எடுக்கிறவள் ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம்?

அவளுக்குப் பார்த்தோம். இருக்கிறது. இம்மானுவேலுக்குப் பார்த்தோம். இல்லை. அவள் வயிற்றில் பிறந்தவன் அதே பாலைக் குடித்துத் தப்பித்துவிட்டான். அதிக நாள் பால் குடிக்கிற பிள்ளைகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் வருமாம். அந்த ஒன்று நீ.

நாங்கள் கேட்டதும் உன் டாக்டர் மின்னஞ்சலில் அனுப்பிய உன் கிருமியின் மரபணு எழுத்துகளையும், இங்கே சோனியாவுக்கும் சின்னம்மாவுக்கும் எடுத்த எழுத்துகளையும் டாக்டரம்மா ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்து. உன்னுடையதும் சோனியாவுடையதும் ஒன்று. சின்னம்மாவுடையதில் ஒரே ஒரு எழுத்து வேறு. குமமோட்டோ பக்கத்து மக்களிடம் அதிகமாக இருக்கிற வகையை அதன்கீழே வைத்தால் எட்டு ஒன்பது இடத்தில் ஒத்துவரவில்லை. அதனால் இது அந்த ஊரில் வந்ததில்லை. நீ அங்கே ஏதோ தப்புப் பண்ணி வாங்கினாய் என்று எனக்கு ஓரமாக ஒரு சந்தேகம் இருந்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மன்னித்துவிடு.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இந்த எழுத்து சொல்லாது, மூன்றும் ஒரு குடும்பம் என்று மட்டும்தான் சொல்லும் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கோர்ட்டில் வைத்து ஒருவர்மேல் குற்றம் சாட்ட இது உதவாதாம். சரிதான். ஆனால் சோனியா சின்னம்மாவைப் பார்த்ததே கல்யாணத்தன்றுதான். நடுவில் இருக்கிற ஒரே வழி நீதான், தம்பி.

எனக்கு இந்த விஷயம் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. எச்.ஐ.வி. ஒரே ஆள் உடம்புக்குள்ளேயே சில மாதத்தில் எழுத்து மாறிவிடும். நம் பக்கம் அதிகம் இருக்கும் 'சி' வகைதான் ஆப்பிரிக்காவின் தெற்கிலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் பிரிந்து தனித்தனியே ஓடிக்கொண்டே இருக்கின்றன. இதுவோ அவசரமே படாதது. நம் உயிரணு இரண்டாகும்போது தானும் கூடவே இரண்டாகி, ஆயிரக்கணக்கான வருடம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தாயிடமிருந்து பிள்ளை, பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளை என்று குடும்பத்தோடு குடும்பமாகப் போகும். டாக்டரம்மா ரிப்போர்ட் காகிதத்தின் பின்பக்கம் உலகப் படம் போட்டுக் காட்டினார். ஜப்பானின் தெற்கு, கரீபியன் தீவுகள், பெரு நாட்டு மலைகள், ஈரானில் ஒரு மூலை, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனம், ஆப்பிரிக்காவில் பல இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வகை. கப்பலில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், பிழைக்கப் போனவர்கள், ஒரே இடத்தில் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்று எல்லோருடைய நடையும் அதில் இருக்கிறதாம். நம் பக்கம் எப்படி என்று கேட்டேன். தெற்கே அங்கங்கே சிலருக்கு இருந்ததாக எழுதியிருக்கிறார்கள், சரியாகத் தேடி எண்ணியவர் இல்லை என்று சொல்லி ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறிக்குக் கீழேதான் சின்னம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். அவள் ரத்தம், அவளுக்குத் தெரியாமல் எப்படி? சொன்னேன். இம்மானுவேலும் பக்கத்தில் இருந்தான். கால் எதனால் போயிற்று என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, ஏவல் வைத்ததாகப் பெயர் கெட்ட தன் நாத்தனார் பாவம் என்றுகூடச் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "அப்ப நைனாக்கு எம் பாலுலதான் போச்சா, எலனு?" என்று கேட்டாள். உன்னைத்தான் அவள் இன்னமும் நைனா என்கிறாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பெற்ற பிள்ளைக்கு வராமல் வளர்த்த பிள்ளைக்கு வந்துவிட்டதே என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள்.

சோனியா உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவளிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாமாம். அவள் அப்பாவிடம், அதே கேன்டீன் நேரத்தில், எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாக, தப்பு உன்னுடையது என்று சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் உன்னோடு பேசுவாளாம். நியாயமாகத்தான் படுகிறது.

குழந்தைக்குப் பவுடர் பால்தான் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள். தாய்ப்பால் கொடுக்காவிட்டால் நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைக்குத்தான் வருமாம். மூன்று வயதில் ரத்தம் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். முடிவைச் சொல்லும்போது முந்தானையை இழுத்து இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள். காலனிப் பெண்கள் ஏன் பால் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். ஊர் வாய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதற்கென்றே கர்த்தர் எனக்கு இந்த வாயைக் கொடுத்திருக்கிறார்.

நீ தைரியமாக இரு. மாமாவுக்குப் போன் போடு.

அன்புடன்,
ஹெலன் அக்கா

*

கும்மிடிப்பூண்டி
அக்டோபர் 26

என் அன்புத் தம்பிக்கு,

நீ கடிதம் எழுதுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன் கையெழுத்து ஆறாம் வகுப்பில் இருந்தபடியே கோழி கிளறியது போல இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். ஒரு முறை சோனியாவிடம் கொடுத்தேன், அவள் எத்தனை முறை படித்தாள் என்று தெரியாது, திருப்பித் தரவில்லை.

தானியேல் மாமா போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தார். நீ சொன்னதை வந்து சொன்னார். நீ அழுததையும் சொன்னார், அதை நீ எழுதவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தார். அந்த மனிதருக்கு மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை போல. சோனியா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

நீ எழுதியதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "யார் மேலயும் கோவப்பட முடியல அக்கா, அதான் பேஜாரா இருக்குது, இந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் எப்படி அங்க வருவேன்" என்று எழுதியிருக்கிறாய். கம்பெனியில் லீவு கேட்கவே மனம் வரவில்லை என்கிறாய். நீ கோபப்பட ஓர் ஆளை நான் தருகிறேன். இதை எழுதாமலே செத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், நீயும் சின்னம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உங்களையே தின்றுகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

உனக்கு எட்டு மாதம் ஆனபோது சின்னம்மா எலும்பும் தோலுமாகிவிட்டாள். இரண்டு பிள்ளை உறிஞ்சினால் தாங்குமா? அவள் வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். அம்மாவுக்கு அப்போது காலையிலிருந்து மாலைவரை ஒரே ஷிஃப்ட். இனிமேல் நீ சின்னம்மா வீட்டில் இருக்கலாம், ஆனால் அவளிடம் பால் குடிக்கக் கூடாது, கஞ்சிதான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விடியற்காலையில் எழுந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, வெல்லம் போட்டு, சின்னத் தூக்கில் ஊற்றிவைத்துவிட்டு வேன் ஏறுவாள். உன்னையும் தூக்கையும் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. காலையில் எனக்கென்று எதுவும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் மதியம்தான் சோறு. அந்தக் கஞ்சி வாசம் தூக்கு மூடியைத் தாண்டி வரும். முதல் நாள் ஒரு வாய் குடித்தேன். இரண்டாம் நாள் பாதி. பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உன்னைத் தரையில் உட்காரவைத்துவிட்டு முழுவதையும் குடித்துவிடுவேன். தூக்கைத் தொட்டியிலேயே கழுவிவிட்டு, அம்மா பாலே கொடுக்கச் சொன்னாள் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை பென்னி. உனக்கு இரண்டு வயது தாண்டும்வரை. அம்மா மாலையில் தூக்கைத் திறந்து பார்த்து, பிள்ளை நன்றாகக் குடிக்கிறான் என்று சந்தோஷப்படுவாள்.

டாக்டரம்மா சொன்னது உனக்குப் புரிகிறதா? ஆறு ஏழு மாதத்தோடு நின்றிருந்தால் உனக்கு வராமலே போயிருக்கலாம். குடித்த நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், எழுத்தைப் பார்த்து எந்த மாதத்தில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நான் எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அந்த வீட்டு வாசலுக்கு ஒன்றரை வருடம் தினமும் உன்னைத் தூக்கிக்கொண்டு போனது என் இடுப்பு. அந்தக் கஞ்சியில் வளர்ந்தது இந்த உடம்பு. படித்ததும், லேப் வேலை வாங்கியதும், முதல் கடிதத்தில் உன்னை மடையன் என்று திட்டியதும் இந்த உடம்புதான். கோபப்படு. எனக்கு வேண்டும்.

நேற்றுச் சின்னம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன், நேராகப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. பால் கொடுத்தது உன் தப்பில்லை, பொய் சொன்னது நான் என்றேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

"தெரியும் கண்ணு. உன் வாயோரம் கஞ்சி ஒட்டிக்கினு இருக்கும். உனுக்கும் பசி, அவனுக்கும் பசி. நான் இன்னா பண்ணுவேன்?"

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாள், தம்பி. எலும்பும் தோலுமாக இருந்த உடம்பிலிருந்து, நான் அடி வாங்கக் கூடாது என்று அம்மாவிடம் மூச்சுவிடாமல், ஒன்றரை வருடம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பாலில் அவளுக்கும் தெரியாமல் இன்னொன்று போயிற்று. அதற்கு முன்னால் அவளுக்கு அவள் அம்மா கொடுத்திருப்பாள், அந்த அம்மாவுக்கு யாரோ. டாக்டரம்மாவின் படத்தில் உலகம் முழுக்க ஓடுகிற அந்தக் கோடுகள் எல்லாம் இப்படிப் பிள்ளை பசிக்கு நெஞ்சைத் திறந்தவர்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது. இதில் யாரைப் பிடித்து உதைப்பது? என்னை உதைக்கலாம், நான் இருக்கிறேன்.

சோனியா நன்றாக இருக்கிறாள். கால் மட்டும் வீங்குகிறது. பிரஷர் சரியாக இருக்கிறது, வாரா வாரம் நானே பார்க்கிறேன். நவம்பர் பத்தொன்பது என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிள்ளை என்பதால் முன்னே பின்னே ஆகலாம்.

கடைசியாக ஒன்று. முந்தாநாள் சோனியா சின்னம்மாவின் நாற்காலியருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னம்மா அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழந்தை பிறந்தால் நான் தொடலாமா என்று கேட்டாள். தொட்டால் ஒன்றும் ஆகாது, முத்தம் கொடுத்தாலும் ஆகாது என்று நான் சொன்னேன், டாக்டரம்மாவும் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. தன் இரண்டு கையையும் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். சோனியா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரே வந்து, அவரு கையால கொழந்தையத் தூக்கி சின்னம்மா மடியில வெக்கட்டும் அண்ணி. அப்பதான் இவங்க நம்புவாங்க. நானும் நம்புவேன்."

எதை நம்புவாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. உனக்குத் தெரியும்.

முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே, எந்த முகம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வா. பத்தொன்பதாம் தேதிக்குள் வந்துவிடு, என் கண்ணே. வழியெல்லாம் கர்த்தர் உன் கையைப் பிடித்து வரட்டும்.

உன் கஞ்சியைக் குடித்த
அக்கா ஹெலன்